ஒரு ஸ்டாப் தள்ளி

ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பாக்கறது மரியாத இல்லதான். ஆனா சத்தியமங்கலத்துல ஏறுனதுலருந்து நீங்க அந்தப் போனையே பாத்துட்டு வர்றீங்க. மேப்புல ஒரு புள்ளி நவுந்துட்டே இருக்குது. நான் மொதல்ல ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா புள்ளிக்கு மேல ஒரு பொம்பளப் புள்ள படம். மகளுங்களா? பதிமூணு வயசா. ஸ்கூல் விட்டு சைக்கிள்ல வூட்டுக்குப் போறாளாக்கும். வழியில நின்னாக்கூட இதுல தெரியுமா? அடேயப்பா. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மொத ஆளா நாந்தான் போட்டிருப்பேன்.

இல்லீங்க, குத்தம் சொல்ல வரல. குத்தம் சொல்ல நான் யாரு? பாக்க வேண்டியதுதான். பெத்தவன் பாக்காம வேற யாரு பாப்பா? நானும் பாத்தவந்தான். நல்லாவே பாத்தேன்.

இந்தக் கண்டக்டர் எனக்கு வணக்கம் வெச்சானே, கவனிச்சீங்களா? நான் செக்கருங்க. இந்த வண்டிக்கு இல்ல, எங்க கம்பெனி வேற. கோபிய சுத்தி எட்டு வண்டி ஓடுது. செக்கர் பொங்கியண்ணன்னு கேட்டுப் பாருங்க, அந்த லைன்ல தெரியாத டிரைவர் கண்டக்டர் கெடையாது. திடீர்னு ஒரு எடத்துல நின்னுட்டு கையக் காட்டி வண்டிய நிறுத்தி ஏறுவேன். எல்லாரும் டிக்கெட் வாங்கியிருக்காங்களா, வாங்குன ஸ்டேஜுக்குள்ள எறங்கறாங்களா, கண்டக்டரு ஒழுங்கா அடிச்சிருக்கானா, இதெல்லாம் பாக்கறதுதான் வேல. இருவத்திரெண்டு வருசம் ஆச்சுங்க. எங்கிட்ட ஒருத்தன் பொய் சொன்னா அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அப்பிடித்தான் நெனச்சுட்டிருந்தேன். இன்னிக்கி மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுட்டிருந்தேன்.

இத நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. எங்கூட்டுக்காரி சாந்தாமணிக்கே இன்னும் தெரியாது. உங்களுக்கு என்னையத் தெரியாது, நாளைக்கிப் பாக்கப் போறதும் இல்ல. அதனால சொல்றேன். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லீருங்க, வாய மூடிக்கறேன். சரிங்க. சரி.

எனக்கு ஒரே மக. கவிநயா. கோயமுத்தூர்ல காலேஜு, மொத வருசம், ஹாஸ்டல்ல இருக்கறா. நான் இப்ப சொல்றது போன வருசக் கத, அவ பன்னண்டாவது படிக்கறப்ப. பள்ளிக்கூடம் எங்கூர்லருந்து ஒம்பது கிலோமீட்டர். பத்தாவது வரைக்கும் வேன்ல போய்ட்டிருந்தா. பதினொண்ணாவது சேந்ததும், அப்பா நான் பஸ்ஸுல போறனுங்கப்பான்னா. வேன்ல அஞ்சாவது படிக்கற புள்ளைக மடியில உக்காந்துக்குது, எனக்கு வெக்கமா இருக்குதுன்னா. சாந்தாமணி வேண்டவே வேண்டாமின்னுட்டா. நாந்தான் அவகூடச் சண்ட போட்டு அனுப்பி வெச்சேன். பொட்டப் புள்ளைக்கு தைரியம் வரோணும், நாலு எடம் தனியாப் போய்ப் பழகோணும்னு சொன்னேன். நான் சுதந்திரம் குடுக்காத அப்பன் இல்லீங்க. அத நீங்க நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

சும்மா அவுத்து விட்டுர முடியுமா? கண்டிசன் போட்டேன். எங்க கம்பெனி ஏழு அம்பது வண்டியிலதான் ஏறோணும். கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால இருக்கற லேடீஸ் சீட்டுலதான் உக்காரோணும். பள்ளிக்கூடத்துக்கு எறங்கற எடம் மில் ஸ்டாப்பு, அங்கதான் எறங்கோணும். அப்பறம் சாயங்காலம் வந்ததும் டிக்கெட்டக் காட்டோணும். எங்க மெசின் டிக்கெட்டுல எல்லாம் அடிச்சிருக்கும்ங்க, எங்க ஏறுனது, எது வரைக்கும், மணி எத்தன, நிமிசம் எத்தன. அதப் பாத்தாப் போதும், ஒரு கேள்வி கேக்க வேண்டியதில்ல. தெனமும் புள்ளைய நொய் நொய்னு கேட்டுட்டிருந்தா அதுக்கும் எரிச்சலா இருக்கும்ல? அதனால கேள்வியே கெடையாது. டிக்கெட் மட்டுந்தான்.

மொதல்ல அவளுக்கும் அது வெளையாட்டாத்தான் இருந்துச்சு. செருப்பக் கழட்டும்போதே ஒரு சல்யூட் வெச்சு, செக்கர் சார், டிக்கெட் சார்னு நீட்டுவா. நானும் கண்ணாடியப் போட்டுட்டு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, ம், சரியா இருக்குது, நீ உள்ள போலாம்னு சொல்லுவேன். சாந்தாமணி அடுப்படியிலருந்து தலையில அடிச்சுக்குவா. ஒரு வருசத்துக்கும் மேல ஒரு நாள்கூடத் தப்புனதில்லீங்க. நல்ல புள்ள.

போன ஆகஸ்டு மாசம் வேலுச்சாமின்னு ஒரு கண்டக்டர், டீக்கடையில வெச்சு எங்கிட்ட மெதுவாச் சொன்னான். அண்ணா, கோவிச்சுக்காதீங்க, நம்ம பாப்பா நாலஞ்சு நாளா மில் ஸ்டாப்புல எறங்கறதில்லீங்க, அடுத்த ஸ்டாப்பு பாலத்துல எறங்குதுன்னான். டிக்கெட் மில் ஸ்டாப்புக்குத்தான் வாங்குதாம். செக்கர் மகளாச்சேன்னு இவன் கேக்காம உட்டுட்டானாம்.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சுங்க தம்பி. பாலத்துல என்ன இருக்குது? ஒண்ணும் இல்ல. ஒரு பேக்கரி, ஒரு பஞ்சர் கடை, அவ்வளவுதான். அங்கருந்து பள்ளிக்கூடத்துப் பின் கேட்டுக்கு வரோணும்னா கால்மணி நேரம் சந்துக்குள்ள திரும்பி நடக்கோணும். முன் கேட்டுல எறங்கற புள்ள எதுக்கு ஒரு ஸ்டாப் தள்ளிப் போயி, திரும்பி நடந்து வருது? நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? சொல்லுங்க. பாருங்க, சிரிக்கறீங்க. அதத்தான் நானும் நெனச்சேன். பேக்கரியில எவனோ நிக்கறான்னு நெனச்சேன்.

அன்னிக்கி சாயங்காலமும் அவ டிக்கெட்ட நீட்டுனா. மில் ஸ்டாப்புன்னுதான் அடிச்சிருந்துச்சு. நான் பாத்துட்டு, ம், போன்னுட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. எங்க தொழில்ல அப்பிடித்தானுங்க. சந்தேகம் வந்துட்டா ஆளக் கேக்கக் கூடாது. கேட்டா உசாராயிருவான், அடுத்த நாளே எல்லாத்தையும் சரி பண்ணிருவான். சந்தேகத்த மனசுக்குள்ள வெச்சுட்டு, சிரிச்ச மூஞ்சியா இருந்துட்டு, எதிர்பாக்காத எடத்துல வண்டிய நிறுத்தி ஏறோணும். ஏறுனதுக்கப்பறந்தான் கேள்வி. இருவத்திரெண்டு வருசம் நான் அப்பிடித்தான் ஆளுகளப் புடிச்சிருக்கறேன். பெத்த புள்ளைகிட்ட வேற மாதிரி நடந்துக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. சத்தியமாத் தோணல.

மக்யா நாள் காலையில மில் ஸ்டாப்பத் தாண்டி ஒரு வேப்ப மரத்தடியில போயி நின்னுட்டேன். ஏழு அம்பது வண்டி வந்துச்சு. மில் ஸ்டாப்புல நின்னுது, கூட்டமா யூனிபாரம் போட்ட புள்ளைக எறங்குச்சு, வண்டி கெளம்புச்சு. நான் கையக் காட்டுனேன். டிரைவர் பிரேக் போட்டான். முன் படியில ஏறுனேன்.

அவ உக்காந்திருந்தா. கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால, நான் சொன்ன அதே சீட்டுல, மடியில பையக் கட்டிப் புடிச்சுட்டு. என்னையப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் நேரா அவகிட்டப் போகல. மொதல்ல முன்னால நாலு பேருகிட்ட டிக்கெட் வாங்கிப் பாத்தேன். அதான் மொற. அப்பறம் அவகிட்டக் கைய நீட்டுனேன். டிக்கெட்.

அப்பான்னா.

இங்க அப்பன் யாரும் இல்ல, டிக்கெட் எங்கன்னேன்.

சத்தமாத்தான் சொன்னேன் தம்பி. பின் சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். எடுத்துக் குடுத்தா. நான் அதத் தூக்கிப் புடிச்சு, மில் ஸ்டாப்பு, ஸ்டேஜ் தாண்டியாச்சு, எறங்குன்னேன். அவ சொல்றா, பாலத்துல எறங்கிக்கறனுங்கப்பா, ரெண்டே நிமிசம், பாலம் வந்துரும்ங்கப்பா. கெஞ்சறா. என்ற புள்ள எங்கிட்ட எதுக்கும் கெஞ்சுனதில்லீங்க. கேப்பா, இல்லாட்டிச் சண்ட போடுவா. அன்னிக்கிக் கெஞ்சுனா. எனக்கு அந்தக் கெஞ்சலே சாட்சியாப் போச்சு. பாலத்துல எவனோ நிக்கறான், அதான் இப்பிடித் துடிக்கறாளுன்னு நெனச்சேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அவ பாலத்துப் பக்கம் பாக்கல. பின் கண்ணாடி வழியா மில் ஸ்டாப்பத் திரும்பித் திரும்பிப் பாத்தா. கவனிச்சனுங்க. இப்ப நெனச்சாலும் அந்தப் பார்வ கண்ணுல இருக்குது. அன்னிக்கி அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கல, அவ்வளவுதான்.

எறங்கு, உன்ற ஸ்டாப்பு பின்னால இருக்குது, நடந்து போன்னேன். எறங்குனா. நான் விசில அடிச்சு வண்டிய எடுக்கச் சொல்லிப்போட்டேன்.

பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் என்னையத்தான் பாத்துச்சு. ஒரு பெரியவரு, சொந்தப் புள்ளையவே எறக்கி உட்டுட்டீங்களே, நீங்கதானுங்க மனுசன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. மறைக்க மாட்டேன். நெஞ்ச நிமித்திட்டுத்தான் நின்னேன். பாலத்துல எறங்கி பேக்கரிக்குள்ள எல்லாம் எட்டிப் பாத்தேன். ஒரு பாட்டி பன்னு வாங்கிட்டு இருந்துச்சு. வேற ஒருத்தரும் இல்ல. என்னையப் பாத்துட்டு ஓடிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னிக்கி சாயங்காலம் அவ வந்தா. நான் கேக்காமயே டிக்கெட்ட டிவி மேல வெச்சா. சல்யூட்டெல்லாம் இல்ல. யூனிபாரத்துல தோள்பட்டைகிட்ட புதுசாத் தையல் போட்டிருந்துச்சு. சாந்தாமணிதான் பாத்துட்டு, என்னாச்சு கண்ணுன்னா. கேட்டுல மாட்டிக் கிழிஞ்சிருச்சுன்னு சொன்னா. நான் அவளக் கூப்புட்டு, நாளைக்கும் பாலத்துல எறங்குவியான்னேன். இல்லீங்கப்பான்னா. சரி போன்னுட்டேன்.

பாலத்துல எதுக்கு எறங்குனான்னு நான் கேக்கலீங்க தம்பி. இத்தன பேசறேன் பாருங்க, ஊருல போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேக்கறவன், அந்த ஒத்த வார்த்த, எதுக்குக் கண்ணுன்னு ஒரு வார்த்த, எம் வாயில வரல. எனக்குத்தான் காரணம் தெரியுமே. தெரிஞ்சதுக்கு எதுக்குக் கேள்வி?

அடுத்த வாரம் அவளே வந்து, நான் மறுபடியும் வேன்லயே போய்க்கறனுங்கப்பான்னா. நான் சாந்தாமணிகிட்டச் சொன்னேன், பாத்தியா, ஒரு தடவ புடிச்சேன், தானா அடங்கிட்டான்னு. வேன்ல அஞ்சாவது புள்ளைகள மடியில வெச்சுட்டு அந்த வருசம் பூராப் போய் வந்தா. எனக்கு அது வெற்றியா இருந்துச்சுங்க.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், சொல்ல நாக்கூசுது. ஆயுத பூசைக்கு எங்க கம்பெனியில மொதலாளி எனக்கு சால்வ போத்துனாரு. மகள்னும் பாக்காம கடமையச் செஞ்சவருன்னு மைக்குல சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் அந்த சால்வையோடதான் வூட்டுக்குப் போனேன். அவதான் கதவத் தொறந்தா. சால்வயப் பாத்தா. எதுக்குன்னு கேட்டா. நானே சொன்னேன் தம்பி. விவரமாச் சொன்னேன், மொதலாளி என்னென்ன பேசுனாருன்னு. அவ கேட்டுட்டு, சரிங்கப்பான்னு உள்ள போயி எனக்குக் காப்பி வெச்சுக் கொண்டாந்தா.

சித்தெ இருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். தண்ணி இருக்குதுங்க, எங்கிட்டயே இருக்குது.

அப்பறம் பரிச்ச முடிஞ்சுது, நல்ல மார்க்கு. கோபியிலயே காலேஜு இருக்குது, கோயமுத்தூர்தான் வேணும்னு நின்னா. அனுப்பி வெச்சேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. சாப்புட்டீங்களா, சாப்புட்டேன், மழையா, மழ இல்ல. அவ்வளவுதான் எங்க பேச்சு. புள்ள பெருசாயிட்டா, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

இன்னிக்கி மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு போனு. பொம்பளக் கொரலு. நான் எஸ்தர் பேசறனுங்க, மில் ஸ்டாப்புல தையக்கட வெச்சிருக்கறேன், கவிநயா விசயமாக் கொஞ்சம் பேசோணும், கடைக்கு வர முடியுமான்னுச்சு. மில் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஜாக்கெட் தைக்கற கட, அந்தக் கடைக்கு முன்னால நான் இருவது வருசமா ஏறி எறங்கறேன். அந்தம்மா பேரு எஸ்தர்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்.

போனேன். நாப்பது வயசு இருக்கும். மெசின நிறுத்திட்டு ஒரு ஸ்டூலப் போட்டுச்சு. கவிநயாவுக்கு நேத்து ஹாஸ்டல் படியில வழுக்கி எடது கையி முறிஞ்சிருச்சுங்க, மாவுக்கட்டுப் போட்டிருக்குது, பயப்பட ஒண்ணும் இல்லைன்னுச்சு. அவளே சிநேகிதிகூட ஆஸ்பத்திரிக்குப் போயி கட்டுப் போட்டுட்டு, இன்னிக்கிப் பரிச்சைக்கும் போயிருக்கறாளாம்.

எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்னேன். ஹாஸ்டல்லருந்து எனக்குத்தான் போன் பண்ணுனாங்கன்னுச்சு. சேரும்போது குடுத்த பாரத்துல, அவசரம்னா யாரக் கூப்புடோணும்னு ஒரு கட்டம் இருந்திருக்குது. அதுல எஸ்தர், அக்கான்னு எழுதிக் குடுத்திருக்கறா. கீழ பெத்தவன் கையெழுத்து நாந்தானுங்க போட்டேன். ஊரான் டிக்கெட்ட எல்லாம் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தவன், எம் மக எழுதுன தாளப் படிக்காம கையெழுத்துப் போட்டுருக்கறேன்.

மொதல்ல எனக்கு அந்தம்மா மேலதான் கோவம் வந்துச்சு. நீ யாரு, என்ற புள்ளைக்கு நீ எப்பிடி அக்கான்னு கேட்டுப்போட்டேன். அதுக்கு அந்தம்மா கோவிச்சுக்கல. போன வருசம் நீங்க பஸ்ஸுலருந்து எறக்கி உட்டீங்களே, அன்னிக்கிருந்துங்கன்னு சொல்லிச்சு.

மில் ஸ்டாப்புல ஒரு ஆளு நிப்பானாம் தம்பி. அங்க எடை மேடையில வேல செஞ்சவன், கல்யாணம் ஆனவன். புள்ளைக எறங்கறப்ப ஒட்டி நிக்கறது, பேசறது. இவ எறங்குனா பின்னாலயே வருவானாம், ஒரு நாள் கையப் புடிச்சிருக்கறான். அதனாலதான் இவ ஒரு ஸ்டாப் தள்ளி எறங்கி, சந்து வழியா கால்மணி நேரம் நடந்து பின் கேட்டுல போயிருக்கறா. தானா யோசிச்சு, யாருக்கும் தொந்தரவு இல்லாம, அவளே ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கறா. பதினேழு வயசுப் புள்ளைங்க. அந்த வழியத்தான் நான் வண்டிய நிறுத்தி ஏறி அடச்சுப்போட்டேன். எந்த எடத்துக்குப் பயந்து ஓடுனாளோ அந்த எடத்துலயே என் கையால எறக்கி உட்டு, விசிலும் அடிச்சேன்.

அவன் பஸ் போனதப் பாத்துட்டு ஓடி வந்திருக்கறான். பையப் புடிச்சு இழுத்ததுல தோள்பட்டைகிட்டக் கிழிஞ்சிருச்சு. இவ ரோட்டத் தாண்டி ஓடி அந்தத் தையக்கடைக்குள்ள போயி மெசினுக்கு அடியில உக்காந்துட்டாளாம். மெசினுக்கு அடியில. எஸ்தரு கத்திரியோட வெளிய வந்து கத்துன கத்துல ஊரே கூடிருச்சு. அன்னிக்கோட அந்த ஆளு வேலைய உட்டுட்டுப் போய்ட்டான். இது மில் ஸ்டாப்புல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்குச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல. செக்கர்கிட்ட யாரு போயிச் சொல்றது?

எஸ்தரு துணிய வாங்கித் தச்சுக் குடுத்துட்டு, உங்கப்பாவக் கூப்புடு கண்ணு, இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு, ஓடியாந்துருவாருன்னு சொல்லியிருக்குது. அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுங்களா? அப்பா டூட்டியில இருக்காருங்கக்கா, இப்பக் கூப்புடக் கூடாதுங்க. சாயங்காலமாவது சொல்லுன்னதுக்கு, சொன்னாப் பள்ளிக்கூடத்த நிறுத்திருவாருன்னுருக்கறா.

நிறுத்தியிருப்பேனா? நானும் அந்த ஸ்டூல்லயே உக்காந்து யோசிச்சேன். நிறுத்தித்தான் இருப்பேன். அவ என்னையச் சரியாத்தான் எட போட்டு வெச்சிருந்தா.

என்னையப் பத்தி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கொறையாச் சொன்னதில்லையாம். அதத்தான் என்னால தாங்க முடியல. திட்டியிருந்தாளுன்னா நல்லா இருந்திருக்கும். சால்வயப் போத்திட்டு வந்து அவகிட்டயே பெருமையடிச்சனே, அப்பவாவது அவ எம் மூஞ்சியில அத வீசியிருக்கலாம். காப்பி வெச்சுக் குடுத்தா. எனக்கு வெக்கமா இருக்குதுங்க. வயசு அம்பத்தி நாலு, இப்பிடி ஒரு வெக்கத்த நான் பாத்ததே இல்ல. ரோட்டுல நடக்கறப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்குது. தெரியுமே, மில் ஸ்டாப்புல எல்லாத்துக்கும் தெரியுமே.

எஸ்தரு ஒண்ணு கேட்டுக்கிச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு கவிநயா சொல்லிருக்கறா, பெத்தவங்களுக்குத் தெரியாம வெச்சிருக்க என் மனசு கேக்காமத்தான் சொன்னேன், தயவு செஞ்சு நேர்ல போயி நிக்காதீங்க, நான் சொன்னேன்னு தெரிஞ்சா இனி எங்கிட்டயும் சொல்ல மாட்டா, அவளா உங்களுக்குச் சொல்ற வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னுச்சு. சரிம்மா, போக மாட்டேன்னு அந்தம்மா கையில அடிச்சு சத்தியம் பண்ணுனேன்.

பண்ணிட்டு நேரா வந்து கோயமுத்தூர் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கறேன். ஆமாங்க, அங்கதான் போறேன். பையில ஆரஞ்சும் ஹார்லிக்சும் இருக்குது. புள்ள கையி ஒடஞ்சு கெடக்குது, அப்பன் வூட்டுல உக்காந்திருக்க முடியுமா? ஏறுறப்ப இப்பிடித்தான் நெனச்சேன். ஹாஸ்டல் வாசல்ல போயி நின்னு, கவிநயா அப்பா வந்திருக்கறேன், கூப்புடுங்கன்னு சொல்லோணும். அவ கட்டுப் போட்ட கையோட எறங்கி வருவா. மன்னிச்சுக்க கண்ணுன்னு சொல்லிரோணும். இங்க வரைக்கும் அதையேதான் சொல்லிப் பாத்துட்டு வந்தேன், வாய்க்குள்ள.

உங்ககிட்டச் சொல்லிட்டு வர வரத்தான் எனக்கு ஒறைக்குது. சொல்லாமக் கொள்ளாமப் போயி வாசல்ல நிக்கறது என்னது? அதே வேலைதானே? எதிர்பாக்காத எடத்துல போயி ஏறுறது. அவ படியெறங்கி வந்து என்னையப் பாத்தா மூஞ்சி எப்பிடிப் போவும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவ பாத்திருக்கறேன்.

இது அன்னூருங்களா? அதுக்குள்ள வந்திருச்சா.

கண்டக்டர் தம்பி, சித்தெ நிறுத்தப்பா, இங்க ஒரு ஆள் எறங்கோணும்.

ஆமாங்க, எறங்கறேன். எதுத்தாப்புல நின்னா கோபி வண்டி வரும். இந்த ஆரஞ்ச நீங்க வெச்சுக்கோங்க, உங்க பாப்பாவுக்குக் குடுங்க. ஏனுங்க, நீங்க காந்திபுரந்தானுங்களே போறீங்க? அவ ஹாஸ்டல் அங்கருந்து ரெண்டு ஸ்டாப்புதான். சும்மா ஒரு எட்டு, வாசல் வரைக்கும், கட்டுப் போட்ட புள்ள ஒண்ணு நடமாடுதான்னு மட்டும் பாத்துட்டு எனக்கு ஒரு போனு... இல்ல. இல்லீங்க, வேண்டாம். பாத்தீங்களா என்ற புத்திய? இத்தன சொல்லிட்டும் எங்க போயி நிக்குதுன்னு பாருங்க.

வேண்டாமுங்க. அவ கீழ விழுந்தா, கூப்புடறதுக்கு அவளுக்கு ஒரு ஆளு இருக்குது. அது நான் இல்ல. இருக்கற அந்த ஒரு ஆளையும் நான் போயிக் கெடுத்துட்டன்னா, அடுத்த தடவ விழுந்தா அவ யாரக் கூப்புடுவா, சொல்லுங்க?

கால நவுத்திக்கோங்க தம்பி. எறங்கிக்கறேன்.